கார்டு இல்லாதவள்

இந்தக் காலத்தில் யாரையும் நம்பி வேலை கொடுப்பதில்லை. தேவைப்படும்போது கூப்பிட்டு, ஒரு மணி நேரம் டிரெய்னிங் கொடுத்து, கேட்டில் வாட்ச்மேனாக நிறுத்திவிடுகிறார்கள். “ஐ.டி. கார்டு இல்லாட்டி யாரையும் உள்ள விடக்கூடாது.” எனக்குச் சொன்ன பாடம் அதுதான்.

மறுநாளே சேலையூர் கம்பெனி கேட்டில் ஒரு பெண் கெஞ்சினாள்.

“தாத்தா, கான்டிராக்ட் முடிஞ்சுதுன்னு காலைல கார்டைப் புடுங்கிட்டாங்க. மேனேஜரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினா வேலை நிலைக்கும்.”

“கார்டு இல்லாம ஆவாதும்மா.”

மேனேஜர் கார் வெளியே வந்தது. கண்ணாடியைத் தட்டினாள். நிற்காமல் போய்விட்டது.

“கரெக்டா நின்னீங்க தாத்தா. நேத்து டிரெய்னிங்ல நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகல,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தேன்.

“ரூல்படிதானே செஞ்சே, எங்க கெளம்பிட்டே?” என்றான் சூப்பர்வைசர்.

“அவ மூஞ்சியைப் பார்த்தது நீ இல்லியே,” என்று நடந்தேன்.