பிரேக்கில் இருந்த கால்

பிரேக் இறுகுகிறது என்று மூன்றாவது முறையாகக் கிளறிற்றா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஞானேஸ்வரனுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஹவுன்ஸ்லோவில் அவருக்கு ஒரு கராஜ். பழைய அமெரிக்கக் கார்களில் பைத்தியமான தமிழர்கள் லண்டனில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அவ்வளவு பேருக்கும் ஞானேஸ்வரன் கை பட்டால்தான் திருப்தி. அந்தக் கூட்டத்தில் கிளறிற்றா ஒருத்திதான் பெண். கிழமை நாட்களில் சிவப்பு டபுள் டெக்கர் பஸ் ஓட்டுவாள். லீவு நாளில் 1969ஆம் ஆண்டுக் கரும்பச்சைக் கார். எட்டு சிலிண்டர், உறுமினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

ஐந்தாறு தரம் பிரேக் போட்டால் போதும், பிறகு காலை எடுத்தாலும் பிரேக் விடாது. நாலு சில்லும் இறுகிப்போய், கார் இழுபட்டுக்கொண்டு நகரும். கருகின மணம் வரும். இதுதான் அவளுடைய முறைப்பாடு.

முதல் முறை அவர் சில்லுகளின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே உரசிப் பிடிக்கிற லைனர்கள் சூட்டில் கருகி மினுங்கின. காரணம் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் கூட எடுக்கவில்லை.

"தங்கச்சி, நீங்கள் காலைப் பிரேக்கிலையே வைச்சு ஓடுறியள்."

கராஜில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புப் போதாதென்று, பஸ் ஓடுகிற கால் காரிலும் சும்மா இராதாம் என்று அந்தக் கார்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டார். பதினொரு பேர் சிரித்திருந்தார்கள்.

இரண்டாம் முறை வந்தபோது, போன மாதம் அவர் பூட்டிய புதுப் பூஸ்டரில் ஏதும் இருக்குமோ என்று மெல்லக் கேட்டாள். மிதிக்கிற காலுக்குப் பாரம் தெரியாமல் பண்ணுகிற சாமான் அது.

"அது நான் பூட்டினது," என்றார் ஞானேஸ்வரன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதே பூஸ்டரை இன்னும் இரண்டு பேருக்குப் பூட்டியிருப்பதாகவும், அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை என்றும் பெருமையாகச் சொல்லி, டிரம்முக்குள் இருந்த ஸ்பிரிங்குகளை மாற்றி அனுப்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையே இதோ, மறுபடியும் நிற்கிறாள். இந்த முறை முறைப்பாடு சொல்லவில்லை. சாவியை நீட்டினாள்.

"இண்டைக்கு நீங்களே ஓடுங்கோ அண்ணை. நான் பக்கத்திலை இருக்கிறன்."

காரை ஓட்டினார். பாத் ரோட்டில் ஐந்தாவது சிக்னல் பச்சைக்கு மாறியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் அசையவில்லை. காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். அப்போதும் அசையவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. கிளறிற்றா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக உருட்டிக் கராஜுக்குக் கொண்டுவந்து, காரை ஜாக்கியில் தூக்கினார். ஒரு சில்லும் கையால் சுற்ற வரவில்லை. முன்சில்லின் பிரேக் குழாயில் காற்று எடுக்கிற நிப்பிளைத் திறந்ததும் பிரேக் ஒயில் பீச்சியடித்தது. முன்சில்லு இரண்டும் விட்டன. அப்படியென்றால் லைனரிலும் பிழையில்லை, ஸ்பிரிங்கிலும் பிழையில்லை. ஒயிலின் அமுக்கம்தான் உள்ளே சிறைப்பட்டு நிற்கிறது. பிறகு, பூஸ்டரோடு, சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தினார்.

பின்சில்லு இரண்டும் ஒன்றாக விட்டன.

அவருடைய கை அப்படியே நின்றது. பூஸ்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு சிறிய தண்டு உண்டு. பூட்டும்போது அதை அளந்து சரிபார்க்க வேண்டும். அது ஒரு நூல் நீளம் கூடிவிட்டாலும், மிதியை விட்ட பிறகும் ஒரு கால் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருப்பது மாதிரித்தான். புதுச் சாமான்தானே என்று அவர் அளக்கவில்லை. அந்தக் காலை அங்கே வைத்தவர் அவர்தான்.

காது இரண்டும் சுட்டன. அமெரிக்காவிலிருந்து வந்த சாமானே பழுது என்று சொல்லித் தப்பிவிடலாம். "இந்தப் பூஸ்டர் இருக்கே..." என்று தொடங்கியும் விட்டார்.

கிளறிற்றா அவரையே பார்த்தாள். கோபமில்லை. தடியூன்றி வருகிற ஒருவர் பஸ்ஸில் ஏறும்வரை காத்திருப்பாளே, அந்தப் பார்வை.

அவரால் பொய்யை முடிக்க முடியவில்லை.

"பிழை என்ரை, தங்கச்சி. நான் அளக்கேல்லை."

சொன்ன பிறகுதான், அதே பூஸ்டர் பூட்டிய மற்ற இரண்டு கார்களின் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் போனை எடுத்தார். சுப்பிரமணியன் காரை இன்னும் வெளியே எடுக்கவில்லையாம். சவிரிமுத்துவோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படத் தயாராக நின்றார். காரைத் தொட வேண்டாம் என்று சொன்னதும் சவிரிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ரெண்டு கிழமையாக் கருகி மணக்குது ஐசே. குரூப்பிலை நீர் போட்டதைப் பார்த்தாப் பிறகு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

ஞானேஸ்வரன் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழுந்து, தண்டை அளந்து குறைத்துப் பூட்டினார். சில்லுகள் விரலால் தட்டினாலே சுற்றின. கையைத் துடைத்து, குரூப்பில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் போலிருந்தது.

அவளுடைய முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"வேறை ஆரிட்டையும் காட்டியிருக்கலாமே. ஏன் திரும்பத் திரும்ப என்னட்டையே வந்தனீங்கள்?"

"நீங்கள் குரூப்பிலை போட்ட கிழமையே எங்கடை டிப்போ மெக்கானிக் கண்டுபிடிச்சிட்டார் அண்ணை. உடனை திருத்தித் தாறன் எண்டும் சொன்னவர்," என்றாள் கிளறிற்றா. "அவர் திருத்தியிருந்தால் என்ரை கார் ஒண்டுதானே திருந்தியிருக்கும்."