பட்டன் தைக்கிறவர்

தையல் கடை வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் தொழிலாளர் அதிகாரி படிவத்தை விரித்தார்.

"இங்க இருக்கிறவங்க சம்பள ஆளா, சொந்தத் தொழிலான்னு பார்க்கணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எத்தனை மணிக்கு வரணும்னு யார் சொல்றது?"

"உள்ளே துணி வெட்டுறாங்களே, அந்த அக்கா. ஒன்பதைத் தாண்டினா முறைப்பாங்க."

"கத்தரிக்கோல் யாரோடது?"

"அவங்களோடது. தொட்டேன், தொலைஞ்சேன்!"

"லீவு?"

"கேட்டுப் பார்ப்பேன். கிடைக்காது."

"சந்தேகமே இல்ல, நீங்க சம்பள ஆள்தான். முதலாளியம்மாவைக் கூப்பிடுங்க."

"ஐயா, முதலாளி நான்தான். அக்காவுக்கு மாசாமாசம் சம்பளம் கொடுக்கிறதும் நான்தான்."

அதிகாரி பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன அரட்டை? சும்மா நிக்கிறாரே, அவர்கிட்டயும் ஒரு ஊசியைக் கொடுங்க!"

அதிகாரி படிவத்தை மடித்துவிட்டு ஊசியை வாங்கிக்கொண்டார்.