மந்திரியின் இருமல்

மந்திரி மேசைமேல் ஏறிப் படுத்துவிட்டார். இரண்டு வாரமாக விடாத இருமல். டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டபோது மட்டும் வாலைக் குழைத்தார்.

வேலை எதுவும் செய்யாமல், கார் ஜன்னலில் தலையை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டு போவதால் அந்த நாய்க்கு வந்த பெயர் அது.

"நாலு வயசு நாய்க்கு இப்படி நுரையீரலா? புகையிலேயே கிடந்த மாதிரி இருக்கு. இப்படியே போனா தாங்காது" என்றார் டாக்டரம்மா. "வீட்ல யார் சிகரெட் பிடிக்கிறது?"

நாயைக் கூட்டி வந்திருந்த தம்பதியில், மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கற? விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு!"

"அப்ப வெளிக்காத்துதான் காரணமா இருக்கணும். பக்கத்துல குப்பை கிப்பை எரிக்கிறாங்களா?"

பேசாமல் தலையாட்டியிருந்தால் கணவர் தப்பித்திருப்பார். ஆனால் நகரத்தின் காற்றை அளக்கும் அலுவலகத்தில், அந்த வட்டாரத்துக்கு அவர்தான் அதிகாரி. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க ஏரியா காத்தைக் குறை சொல்லாதீங்க. வீடும் ஆபீசும் ஒரே தெரு. மெஷின் நிமிஷத்துக்கு நிமிஷம் அளக்குது. நூறைத் தாண்டினாத்தான் தப்பு, இன்னிக்கு நாப்பத்திரண்டு. குப்பைமேடு பத்தி எரிஞ்ச அன்னிக்கும் நாப்பத்திமூணுதான்!"

"மெஷின் பழுதா இருந்தா?"

"நல்ல வார்த்தை பேசுங்க டாக்டர். வந்து மூணு வருஷம் ஆச்சு. விரலை வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க, பொட்டுத் தூசி ஒட்டாது. பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சரி, காத்து சுத்தம். அப்ப மிச்சம் இருக்கறது நீங்கதான் சார்."

மனைவி பொங்கிவிட்டார். "வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்னு சாயங்காலம் ஒரு மணி நேரம் காணாமப் போறப்பவே நினைச்சேன்! வாயில்லா ஜீவனைக் காவலுக்கு வெச்சுக்கிட்டு ஊதியிருக்கீங்க. நாளைக்கே என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"நாயையா?"

"முதல்ல நாயை. அப்புறம் உங்களைப் பத்தி யோசிக்கலாம்."

அதிகாரி மந்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் பேசினால் காது கொடுக்கிற ஒரே ஆள் மந்திரிதான்.

"அனுப்பிடாதம்மா. வேணும்னா தினமும் ஆபீசுக்கே கூட்டிட்டுப் போறேன். மெஷின் பக்கத்துலயே கட்டிப் போடறேன். அதைவிட சுத்தமான காத்து இந்த ஊர்லயே கிடைக்காது."

"காத்தை அளக்கற மெஷின் மொட்டைமாடியிலதானே இருக்கும்? அந்த வெயில்லயா? சுருண்டு விழுந்துடும் சார்!" என்று பதறினார் டாக்டரம்மா.

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார்.

"மாடி எதுக்கு டாக்டர்? மெஷின் என் ஏசி ரூமுக்குள்ளதானே இருக்கு!"