உப்பங்கழி ராணியின் கைகள்

"ராணிக்குக் கை இருக்க வேண்டிய இடத்துல நண்டுக் கொடுக்குதானே இருக்குன்னு மீன்காரி கேட்கிறா. இன்னிக்காவது சொல்லிடுங்க," என்றாள் யாய்ரா அடுப்படியிலிருந்து.

"நீ என்ன சொன்னே?" செனானு வரைபலகையிலிருந்து நிமிரவில்லை.

"என்கிட்டயே அவர் சொன்னதில்லைன்னு சொன்னேன். நல்லவேளை, அடுப்புப் புகைக்குள்ள என் மூஞ்சி தெரியலை."

செனானு தன் சித்திரக்கதையைத் தொடங்கி இருபது வருடம் ஆகிவிட்டது. முதல் புத்தகத்தில் உப்பங்கழி என்றால் நாலு நெளிகோடு, அவ்வளவுதான். முதலையைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் பல்லி என்றார்கள். போகப் போகக் கோடு இளகியது, வண்ணம் வசப்பட்டது. கிரீடம் வைத்த நண்டுகளும், மிதக்கும் அரண்மனையும், நீதி சொல்லும் முதலையும் உயிரோடு உலவத் தொடங்கின. அவர் புத்தகத்தைப் பிரித்தாலே அவருடைய கடலோர ஊரான கெட்டாவின் உப்புக்காற்று அடிக்கிறது என்று தலைநகர் அக்ராவில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

ராணியின் கைகளை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஒன்று தண்ணீருக்குள் இருக்கும், இல்லாவிட்டால் போர்வைக்குள் இருக்கும். அதில் சாபம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். துடுப்புதான் என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள்.

உண்மை யாய்ராவுக்கு மட்டும்தான் தெரியும். செனானுவுக்குக் கை வரைய வராது. முதலையை வரைவார், புயலை வரைவார். ஐந்து விரலை வரைந்தால் வாழைச்சீப்பாகத்தான் வந்து நிற்கும். அதனால்தான் ராணியை முதல் பக்கத்திலேயே கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார வைத்தார்.

கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. ஒளித்துவைத்திருந்த மழையை ராணி ஊராருக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். கொடுப்பதென்றால் கை வேண்டும். பதிப்பாளர் ஒடார்ட்டே இன்று மதியம் வந்து பக்கத்தை வாங்கிக்கொண்டு போகிறார். கை சொதப்பினால் இத்தனை வருட மர்மமும் மானமும் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும்.

"டீயைப் பிடிங்க. இடது கை, மன்னிச்சுக்கங்க," என்று நீட்டினாள் யாய்ரா. வலது கை முழுக்கச் சோள மாவு. கட்டிய கணவன்தான் என்றாலும் அந்த மன்னிப்பை அவள் விட்டதில்லை. இடது கையால் கொடுப்பது அவமரியாதை என்பதால் கெட்டாவில் யாரும் விடமாட்டார்கள்.

"பார்த்து வரைய என் கை வேணும்னா கழுவிட்டு வந்து உட்கார்றேன்."

"வேண்டாம். என்கிட்டயே இருக்கு."

ஒரு கையை நேற்றே முடித்திருந்தார். இன்று இன்னொன்று. நகத்தின் வளைவு, மூட்டின் சுருக்கம், புறங்கையில் ஓடும் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வாழைச்சீப்பு வரவில்லை. நிஜமான விரல்கள் வந்தன. ராணியின் வாயருகே ஒரே ஒரு சொல் எழுதினார்: 'மன்னியுங்கள்.' இத்தனை வருடம் ஏமாற்றியதற்கு வாசகர்களிடம் அவர் கேட்ட மன்னிப்பு அது.

ஒடார்ட்டே வந்தபோது மேசையில் அபொலோ என்ற சோளமாவு அப்பத்திலும் பொரித்த பொடிமீனிலும் ஆவி பறந்தது. அவர் அவற்றைத் தொடவில்லை. பக்கத்தைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே நின்றார்.

"மோசமா இருக்கா?" என்றார் செனானு.

"கொஞ்ச நேரம் பேசாதீங்கண்ணே."

யாய்ரா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒடார்ட்டே கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படிண்ணே இதை இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்க?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. ரெண்டும் இடது கை."

செனானு பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு கட்டைவிரல்களும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாவம், வலது கையே இல்லாத பொம்பளை," என்றார் ஒடார்ட்டே. "எதைக் கொடுத்தாலும் வாங்குறவனுக்கு அவமானம். அதான் யாருக்கும் எதையும் கொடுக்காம, கையைத் தண்ணிக்குள்ளயே வெச்சிருந்திருக்கா. நாங்க அவளைக் கஞ்சத்தனம் பிடிச்சவள்னு திட்டினோம். கடைசியில வெட்கத்தை விட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டி, நம்ம ஊர் வழக்கப்படி மன்னிப்பும் கேட்கிறா பாருங்க. முதல் பக்கத்திலேயே இதை யோசிச்சிருக்கீங்க. இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

செனானு இல்லை என்று சொல்லவில்லை. "மீன் ஆறுது, சாப்பிடுங்க," என்றார்.

ஒடார்ட்டே பக்கத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல வாங்கிக்கொண்டு வண்டியேறினார். வண்டி திரும்பி மறைந்தது. யாய்ரா கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய யோசனையை என்கிட்டகூட மறைச்சிட்டீங்களே. கை வரைய வராதுன்னு சொன்னதெல்லாம் நாடகமா?"

செனானு இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"மன்னிச்சுக்க, யாய்ரா. பார்த்து வரைய என்கிட்ட இருந்தது இந்த ஒண்ணுதான். இன்னொண்ணு தூரிகையைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சே."