பதினேழாம் அலமாரியின் பவிசு

அந்த ஆன்லைன் கடையின் கிடங்கில் பதினேழாம் அலமாரிக்கு இருந்த மவுசே தனி. ஆர்டர் வந்ததும் சக்கரம் வைத்த ஒரு தட்டை இயந்திரம் அதன் அடியில் நுழைந்து, அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டி கட்டும் ரெஜினாவின் முன்னால் நிறுத்தும். அவள் ஆர்டரில் கேட்ட சோப்பை அதிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டதும் திரும்பக் கொண்டுவந்து விடும். ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த ஊர்வலம்.

"என் முகத்தைப் பார்க்காட்டி ரெஜினாவுக்கு வேலையே ஓடாது," என்று அது மற்ற அலமாரிகளிடம் அலட்டிக்கொள்ளும். "உங்களை யாரு கூப்பிடுறா?"

ஒரு திங்கட்கிழமை சோப்புகளை எல்லாம் நாற்பதாம் அலமாரிக்கு மாற்றிவிட்டு, இதில் மழைக்கோட்டுகளை அடுக்கினார்கள். அப்போது கொளுத்தும் சித்திரை மாதம். இயந்திரமே அதைத் தூக்கிப்போய்க் கடைசி வரிசையில் விட்டது.

பத்து நாள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பதினோராம் நாள் அடியில் அந்தப் பழைய சக்கரச் சத்தம் கேட்டது. அலமாரி விறைத்து நின்று தயாரானது. இயந்திரமோ குறுக்குவழியாக நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா, அதுக்குள்ள என்னை மறந்துட்டியா?"

இயந்திரம் ஒரு நொடி நின்றது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நான் எல்லாரையும் அடியிலேருந்துதான் பார்க்கிறேன். நீங்க எத்தனாம் நம்பர்?"