வழித்துணை

"புதுப் பாதையில மண்சரிவாம். ரேடியோவுல சொன்னான்" என்றாள் மனைவி எவ்லோகியா.

ஃபெர்மின் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பழைய மலைப்பாதையில் திருப்பினார். கொரோய்க்கோவில் மகள் நில்டாவின் கல்யாணத்தை எப்படியாவது தடுத்தாக வேண்டும்.

மழை கொட்டியது. அருவிகள் பாதை மேலேயே விழுந்தன. அவர் பக்கத்துச் சக்கரத்தை ஒட்டிப் பாதாளம். அதில் மேகம் மிதந்தது.

"நீ இங்கயே இறங்கிக்கோடி. எதிர்ல வர்ற வண்டியில வீட்டுக்குப் போ."

"எனக்கும் பயம்தான். ஆனா செத்தா சேர்ந்தே சாவோம். மெதுவா மட்டும் போங்க."

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மகள் கைவிட்டாலும் இவளாவது என் பக்கம் இருக்கிறாளே என்று அவர் வேகத்தைக் குறைத்தார்.

ஒரு வளைவில் குமட்டுகிறது என்றாள். இன்னொன்றில், செத்தவர்களுக்கு நட்ட சிலுவைகளின் முன் ஜெபிக்க வேண்டும் என்றாள். அவர் முகம் சுளிக்காமல் நிறுத்தினார்.

கொரோய்க்கோ தேவாலய வாசலில் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் வண்ணக் காகிதத் துகள்களோடு நில்டா புதுக் கணவனின் கையைப் பிடித்து நின்றாள். பக்கத்தில் மைத்துனி பசிலியா.

"நீ எப்படி அதுக்குள்ள வந்தே?"

"உங்களுக்கு அப்புறம்தான் கிளம்பினேன், அத்தான். புதுப் பாதையில ஒரு கல்லுகூட விழலையே!"

ஃபெர்மின் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்போ, பயமா இருக்குன்னு சொன்னதும் பொய்யா?"

"அது நிஜங்க. உயிர் போயிடும்னுதான் நெனச்சேன்" என்றாள் எவ்லோகியா. "ஆனா தனியா விட்டா நீங்க சீக்கிரம் வந்து சேர்ந்திருப்பீங்களே."