மகுடேஸ்வரனின் பழைய கண்ணாடி

சாயப்பட்டறையில் மிஷின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் மகுடேஸ்வரனின் கண்ணாடி நீராவி படிந்து வெளுத்துவிடும். கட்டைவிரலால் முதலில் இடது பக்கத்தையும் அப்புறம் வலது பக்கத்தையும் துடைத்துக்கொள்வான். அந்தத் தொல்லை தாங்காமல்தான் கோயம்புத்தூர் போய் இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்துகொண்டான். கண்ணாடி டிவி ஸ்டாண்டுக்குப் போனது.

அவன் வேலைக்குத் திரும்பிய அன்றே, சும்மா இருந்த கண்ணாடி வெளுப்பதை அவன் மனைவி தரணி பார்த்தாள். அங்கே பட்டறையில் அவன் மிஷின் மூடியைத் திறந்தால் இங்கே வீட்டில் அது முழுசாக வெளுத்தது. டீ குடித்தால் அடிப்பாதி மட்டும்.

அவனுக்கு அல்சர். ஒரு நாளைக்கு இரண்டு டீதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தரணி போன் செய்தாள்.

"ஏனுங்க, இது நாலாவது டீங்களா?"

"உனக்கு யாரு தரணி சொல்றது?"

"உங்க கண்ணாடிதானுங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் பயந்து டீயைக் குறைத்தான். ஒரே மாதத்தில் வயிற்றெரிச்சல் அடங்கியது. தரணிக்கு ஏக சந்தோஷம். கண்ணாடிக்குப் பொட்டு வைக்காத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. கறிச்சோறு தின்றுவிட்டு மகுடேஸ்வரன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மணி மூன்றரை. கண்ணாடியின் அடிப்பாதி வெளுத்தது.

தரணி துடைக்கக் கையை நீட்டினாள். அதற்குள் கட்டைவிரல் அகலத்துக்கு இடது பக்கம் துடைபட்டது. அப்புறம் வலது.